செம்பவாங் வெந்நீரும் மின்சாரக் கணக்கும்

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், சூரியசக்தி, காற்று என்று இரண்டு பத்தி ஓடிய பிறகு ஒரு வாக்கியம் வந்து நிற்கும்: ‘செம்பவாங்கில் வெந்நீர் ஊற்று இருப்பதால் சிங்கப்பூருக்கு வேண்டிய மின்சாரத்தை அங்கிருந்தே எடுக்கலாம்.’ தேர்வெழுதும் மாணவர்களே, இதை நீங்களும் எழுதியிருக்கலாம். ஆசிரிய நண்பர்களே, நீங்கள் பக்கத்தில் சரி போட்டிருக்கலாம். மொழிப்பிழை இல்லையே! ஆனால் ‘எடுக்கலாம்’ என்ற அந்தச் சொல்லை எழுதுமுன் மூன்று கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். கீழே எவ்வளவு சூடு? எவ்வளவு தண்ணீர் வருகிறது? வெளியே என்ன வெயில்? இந்த மூன்றும் மாறினால் மின்சாரமும் மாறும். எப்படி மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட மனிதர்கள் கற்றுக்கொண்ட வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் ஊர் ஊற்று. 1908, 1909 வாக்கில் அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. நிலம் சியா எங் கியோங் என்ற சீன வணிகருடையது. சுற்றி எழுந்த கிராமத்துக்குக் கம்போங் ஆயர் பானாஸ் என்று பெயர். மலாயில் ‘ஆயர்’ தண்ணீர், ‘பானாஸ்’ சூடு. வெந்நீர்க் கிராமம் என்றே சொல்லிவிடலாம். 1920களின் தொடக்கத்தில் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் ஊற்றை வாங்கி, கனிமநீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ‘சோம்புன்’, ‘சிங்கா வாட்டர்’ என்றெல்லாம் அதற்குப் பெயர்கள் உண்டு. பிறகு ஜப்பானியர் ஆட்சி. அவர்களுக்கு வெந்நீர்க் குளியல் உயிர் அல்லவா? ஊற்றைக் குளியல் இடமாக்கினார்கள். 1944 நவம்பரில் நேச நாடுகளின் குண்டுகள் அங்கே விழுந்தன. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் நீரோட்டம் தடைபட்டது.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். வெந்நீர் என்பது நிலத்துக்கடியில் பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டு இருப்பதில்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறு வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. அந்தப் பாதை கெட்டால், கீழே எவ்வளவு சூடு இருந்தாலும் மேலே ஒன்றும் வராது.

போருக்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் பிரேசர் அண்ட் நீவ் மறுபடி புட்டித் தொழிலுக்காகத் துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. 1985இல் அரசாங்கம் விமானத்தள விரிவாக்கத்துக்காக நிலத்தை எடுத்தது. 2002இல் பொதுமக்களுக்கு வழி திறந்தது. 2020 ஜனவரி 4ஆம் தேதி தேசியப் பூங்காக் கழகம் அதைப் பூங்காவாகத் திறந்து வைத்தது. ஊற்று நீர் சுமார் 70 டிகிரி செல்சியஸ். முட்டையோடு போகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

முட்டை அவிக்கும் நீர் விளக்கையும் எரிக்குமா? இந்தக் கேள்வியை முதலில் செயலில் கேட்டுப் பார்த்தவர் இத்தாலியர். டஸ்கனி வட்டாரத்தில் லார்தரெல்லோ என்ற ஊர். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நிலத்திலிருந்து வரும் நீராவியையும் வெந்நீரையும் கொண்டு போரிக் அமிலம் தயாரித்துவந்தார்கள். 1904 ஜூலை 4ஆம் தேதி பியரோ ஜினோரி கோந்தி என்ற பிரபு அந்த நீராவியால் ஒரு சிறு இயந்திரத்தை ஓட்டி ஐந்து பல்புகளை எரிய வைத்தார். ஐந்தே ஐந்துதான். 1913இல் 250 கிலோவாட் நிலையம் வந்தது. நம் ஊற்றில் குண்டு விழுந்த அதே 1944இல், பின்வாங்கிய ஜெர்மானியப் படை லார்தரெல்லோ நிலையங்களைத் தகர்த்தது. போர் முடிந்ததும் அவர்கள் மீண்டும் கட்டினார்கள். இன்றும் அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது.

லார்தரெல்லோவுக்கு ஓர் அதிர்ஷ்டம்: அங்கே கிணற்றிலிருந்து உலர்ந்த நீராவியே நேராக வருகிறது. அதைச் சுழலியில் விட்டால் போதும். நம்மிடம் இருப்பதோ 70 டிகிரி வெந்நீர். அது ஆவியாகிச் சுழலியைத் தள்ளாது. அதற்கு வேறு உபாயம் தேவை. வெந்நீரைக் கொண்டு, தண்ணீரைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் வேறு திரவத்தைக் கொதிக்க வைப்பது. அந்த ஆவியால் சுழலியைச் சுற்றுவது. பிறகு ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் திரவமாக்குவது. இதை இருசுழற்சி முறை என்று சொல்லலாம். 1967இல் சோவியத் நாட்டின் கம்சட்காவில், பராதுங்கா என்ற இடத்தில், 81 டிகிரி வெந்நீரை வைத்தே இப்படி ஒரு நிலையத்தை ஓட்டிக் காட்டினார்கள்.

‘81 டிகிரியில் முடியும் என்றால் 70இல் முடியாதா?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கேலாங்கிலேயே கிடைக்கும்.

லோரோங் ஒன்றில் நுழைந்து கடைவீடுகளின் பின்சந்துக்குப் போய் நின்று பாருங்க. வரிசையாக ஏர்கான் கம்ப்ரஸர்கள். முகத்தில் அனல் அடிக்கும். அறைக்குள்ளிருந்து எடுத்த சூட்டை அந்தப் பெட்டிகள் வெளியே கொட்டுகின்றன. சந்து ஏற்கெனவே சூடாக இருந்தால் கொட்டுவது கஷ்டம்; கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்கும்; மின்கட்டணமும் ஏறும். புவிவெப்ப நிலையத்துக்கும் இதே பிரச்சினைதான். சுழலியைத் தாண்டி வந்த ஆவியின் சூட்டை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கொட்டுமிடம் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு லாபம்.

உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சீனா என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது (நாட்டின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). 2006இல் அங்கே நிறுவிய மின்இயந்திரம், பெரிய கட்டடங்களின் ஏர்கான் இயந்திரப் பாகங்களைத் தலைகீழாக ஓடும்படி மாற்றிச் செய்தது. உள்ளே ஓடும் திரவமும் ஏர்கானில் பயன்படும் குளிர்பதனப் பொருள்தான். வெந்நீரின் சூடு 74 டிகிரி. நம் செம்பவாங் நீரைவிட நான்கே டிகிரி அதிகம். ஒவ்வோர் இயந்திரமும் சுமார் 200 கிலோவாட் தந்தது. அப்படியானால் செம்பவாங்கிலும் அப்படியே வைத்துவிடலாமே?

வைக்கலாம். ஆனால் அலாஸ்காவில் குளிரவைக்கப் பயன்பட்ட ஆற்றுப் பக்கத்து நீர் சுமார் 4 டிகிரி. நமக்கு அந்த நீர் எங்கே கிடைக்கும்? நம் கடல்நீரே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது.

1824இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு நூல் எழுதினார். சூட்டை வேலையாக மாற்றும் எந்த இயந்திரமும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு என்பதை அவர் காட்டினார். பின்னால் வந்தவர்கள் அதைச் சுலபமான சூத்திரமாக்கினார்கள். செல்சியஸ் எண்ணோடு 273ஐக் கூட்டுங்கள். சூடான எண்ணிலிருந்து குளிர்ந்த எண்ணைக் கழியுங்கள். வந்ததைச் சூடான எண்ணால் வகுங்கள். அலாஸ்காவுக்கு 347, 277, வித்தியாசம் 70, எல்லை 20 விழுக்காடு. செம்பவாங் மேற்பரப்பு நீருக்கு 343, 303, வித்தியாசம் 40, எல்லை 12 விழுக்காட்டுக்கும் குறைவு. இது எல்லைதான், கைக்கு வருவது இதைவிடக் குறைவு. அலாஸ்காவில் உண்மையில் கிடைத்தது சுமார் 8 விழுக்காடு. அதே விகிதத்தை இங்கே போட்டால் 5கூட வராது. இதில் பம்புக்கும் விசிறிக்கும் போகும் மின்சாரத்தை இன்னும் கழிக்க வேண்டும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. குளிரவைக்கும் சூழல் 30இலிருந்து 35 டிகிரிக்கு ஏறுகிறது என்று வையுங்கள். 70 டிகிரி நீருக்கு எல்லை சுமார் 11.7இலிருந்து 10.2க்கு இறங்குகிறது. இருந்ததில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. 122 டிகிரி நீர் என்றால் 23.3இலிருந்து 22க்குத்தான் இறங்கும். இருபதில் ஒரு பங்கு மாதிரி. சூடு குறைந்த கிணறுதான் வானிலைக்கு அதிகம் பயப்படும். நான்கு பருவமுள்ள நாடுகளில் காற்றால் குளிரவைக்கும் நிலையங்கள் குளிர்காலத்தில் நன்றாக ஓடி, கோடை நண்பகலில் தளர்ந்துபோவது இதனால்தான். மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குறைவாக வரும்! சிங்கப்பூரில் அந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்காது. ஜனவரியும் ஜூலையும் நமக்கு ஏறக்குறைய ஒன்று. வருடம் முழுக்க ஒரே சீரான உற்பத்தி, வருடம் முழுக்கக் கொஞ்சம் குறைவான உற்பத்தி. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் நீர் ஆவியாகிக் குளிர்விக்கும் கோபுரங்களும் இங்கே முழுத்திறனில் வேலை செய்யாது.

122 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. மேற்பரப்பு நீர் போதாது என்றால் ஆழத்துக்குப் போக வேண்டும். 2011இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் ஆலிவர், ஆண்ட்ரூ பாமர் முதலியோர் சிங்கப்பூருக்குப் புவிவெப்ப மின்சாரம் சாத்தியமா என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நமக்குக் கீழே புக்கிட் தீமா கிரானைட் பாறை பெரும்பரப்பில் கிடக்கிறது. கிரானைட்டில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மெல்லச் சிதைந்து வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டம்கிரியேட், சுர்பானா ஜூரோங் ஆகியவை சேர்ந்து வடக்கே ஆழ்துளை போட்டு அளந்தன. செம்பவாங்கில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி இருந்தது. உலகில் பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரிதான் ஏறும். இங்கே அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. உற்சாகமான செய்திதான், மறுக்கவில்லை.

இங்கேதான் கணக்கில் கெட்டிக்காரர்களான மாணவர்கள் அவசரப்படுவார்கள். ‘1.76 கிலோமீட்டரில் 122 என்றால் 5 கிலோமீட்டரில் 300 வரும் சார்!’ நேர்க்கோடு போட்டால் வரும். ஆனால் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் நேர்க்கோடு போடக் கூடாது. மேலேறும் வெந்நீர் ஆழத்துச் சூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேல்பகுதியில் இறக்கிவைக்கிறது. அதனால் மேலே சூடு வேகமாக ஏறுவதுபோல் தெரியும். இன்னும் கீழே போனால் அந்த வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பது துளைபோட்டுத்தான் தெரியும்.

சூடு தெரிந்தாலும் பாதிக் கணக்குத்தான். நொடிக்கு 50 லிட்டர் நீர் 120 டிகிரியில் மேலே வந்து, 70 டிகிரியாகித் திரும்பக் கீழே போகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 4.2 கிலோஜூல் வெளிவரும். 50 × 4.2 × 50. வெப்பமாகச் சுமார் 10,500 கிலோவாட். அதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமாகிறது என்றால் ஏறக்குறைய 1 மெகாவாட். மாதம் 360 யூனிட் செலவழிக்கும் வீடுகள் என்றால் 2,000 வீடுகளுக்கு வரும். சிங்கப்பூரின் உச்ச மின்தேவையோ சுமார் 8,000 மெகாவாட். நீரோட்டம் நொடிக்கு 25 லிட்டராகக் குறைந்தால் 2,000 வீடு 1,000 வீடாகிவிடும். நீரே வராத இறுகிய கிரானைட் என்றால், பாறையைப் பிளந்து தண்ணீரை உள்ளே அனுப்பிச் சுற்றவிட வேண்டும். அது தனிச் செலவு, தனிச் சோதனை.

நீரோட்டமும் நீராவியும் நாளடைவில் குறையும் என்பதை உலகம் பாடுபட்டுத்தான் கற்றது. கலிபோர்னியாவில் ‘தி கீசர்ஸ்’ என்ற களம். 1960இல் 11 மெகாவாட் நிலையத்தோடு தொடங்கியது. நன்றாக ஓடியது, ஆளாளுக்கு நிலையம் கட்டினார்கள். 1980களின் இறுதியில் சுமார் 2,000 மெகாவாட் அளவுக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் நீராவி அழுத்தம் சரிந்தது. இயந்திரம் இருந்தது, ஓட்ட ஆவி இல்லை. சூடு தீர்ந்துபோகவில்லை, தண்ணீர்தான் தீர்ந்தது. 1997 முதல் பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து நிலத்துக்குள் செலுத்தினார்கள். 2003இல் சாண்டா ரோசா நகரின் கழிவுநீரும் சேர்ந்தது. சரிவு மட்டுப்பட்டது.

இப்படி அடிபடாமல் முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் கணினி மாதிரிகள். ‘மாதிரி’ என்ற சொல் நமக்குப் பழகியதுதான்: மாதிரி வினாத்தாள், அப்பா மாதிரியே பேசுறான். மாதிரி வினாத்தாள் தேர்வுத்தாள் ஆகிவிடாது, ஆனாலும் அதைப் போட்டுப் பார்க்காமல் தேர்வுக்குப் போக மாட்டோம். பொறியாளர்களுக்கும் அப்படித்தான். பாறையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சூடு, அழுத்தம், நீர் புகும் தன்மை ஆகியவற்றைக் கொடுத்து, 30 ஆண்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று கணினியில் பார்ப்பார்கள். மேலே இருக்கும் நிலையத்துக்கு இன்னொரு மாதிரி. அதில் வெயிலும் ஈரப்பதமும் மணிக்கு மணி மாறும். இரண்டையும் இணைத்தால்தான் ‘இத்தனை மெகாவாட்’ என்று சொல்ல முடியும்.

ஆரம்பத்தில் இந்தக் கணக்குகளை எல்லாரும் நம்பவில்லை. 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வேலை செய்தார்கள். ஒரே கேள்விகளை வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து, அவரவர் கணினி நிரலில் தீர்க்கச் சொல்லி, விடைகளை ஒப்பிட்டார்கள். விடைகள் பெரிதும் ஒத்துப்போயின. அதன் பிறகுதான் தொழில்துறைக்கு மாதிரிகள்மேல் நம்பிக்கை பிறந்தது. ஆனால் நிரல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மாதிரியைக் கடந்தகாலத்தோடு உரசிப் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958 முதல் நிலையம் ஓடுகிறது. அழுத்தம் எப்போது எவ்வளவு இறங்கியது, நிலம் எங்கே தாழ்ந்தது என்று பல பத்தாண்டுப் பதிவுகள் உண்டு. மாதிரி முதலில் அந்தப் பழைய எண்களைத் திரும்பச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் வருங்காலத்தைப் பற்றி வாய் திறக்கலாம். இதற்கு வரலாற்றுப் பொருத்தம் பார்த்தல் என்றே பெயர். வரலாறு படித்து என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

செம்பவாங்குக்கும் நூறாண்டு வரலாறு உண்டு. ஆனால் அது புட்டித் தண்ணீரின், குளியலின், முட்டையின் வரலாறு. மின்நிலையம் ஓட்டிய வரலாறு ஒரு நாள்கூடக் கிடையாது.

நமக்கு உறவான மற்ற ஊற்றுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இலங்கையில் திருகோணமலை அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. இராவணன் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். நீர் இதமான சூடுதான்; மின்சாரத்துக்கு அது எட்டாது. இந்தியாவில் நம்பிக்கை தரும் இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. 1970களிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அங்கே துளைகள் போட்டது. 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி அங்கே 1 மெகாவாட் நிலையத்துக்காக ஒப்பந்தம் செய்தது. பூகா கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே. வெளியே கடுங்குளிர். கார்னோ கணக்கின்படி அலாஸ்காவுக்கு இருந்த அனுகூலம் அதற்கும் உண்டு. அரை நூற்றாண்டு ஏன் தாமதம் என்றால் அந்தக் குளிரும் உயரமும்தான் பாதிக் காரணம் என்பேன். இயந்திரத்துக்கு நல்ல சூழல் மனிதர் வேலை செய்ய நல்ல சூழலாக இருக்க வேண்டியதில்லை.

சரி, தேர்வில் என்ன எழுதுவது? சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்பது நாட்டின் இலக்கு. கூரைகளுக்கு எல்லை உண்டு, காற்றும் இங்கே பலமாக வீசாது. அதனால் இரவும் பகலும் ஓடக்கூடிய புவிவெப்பத்தைத் தேடுவது நியாயமானதே. நானாக இருந்தால் அந்த வாக்கியத்தை இப்படி மாற்றுவேன்: ‘செம்பவாங்கில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி வெப்பம் அளக்கப்பட்டுள்ளது. போதிய நீரோட்டம் உறுதியானால், நாட்டின் மின்தேவையில் ஒரு சிறு பங்கை அது ஈடுசெய்யலாம்.’ ‘உறுதியானால்’, ‘ஒரு சிறு பங்கை’. இந்த இரண்டையும் சேர்த்துத் திருத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள், மதிப்பெண் குறையாது.

வகுப்பில் செய்துபார்க்க ஒரு கணக்கு. கிணற்று நீர் 10 ஆண்டில் 122இலிருந்து 112 டிகிரிக்குக் குளிர்கிறது. வெளிச்சூழல் 30இலேயே இருக்கிறது. கார்னோ எல்லை எவ்வளவு குறையும்? அடுத்து, கிணறு 122இலேயே நிற்க, வெளிச்சூழல் மட்டும் 30இலிருந்து 34 ஆனால்? இரண்டில் எது பெரிய இழப்பு என்று மாணவர்களை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு கணிப்பானைக் கையில் கொடுங்கள்.